உதிராமல் வெட்டுவது

தகரத்தில் எழுத்து வெட்டி, அதை அரிசி மூட்டையின் மேல் வைத்து மை அடிக்கிறவர்களின் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு சிறிய சிக்கல் தெரிந்திருக்கும். 'ப' என்ற எழுத்தை வெட்டுவது எளிது. 'ண' என்ற எழுத்திலோ, கத்தி சுழியைச் சுற்றி வந்து முடியும் இடத்தில், சுழிக்குள் இருந்த சிறு வட்டம் பிடிமானம் இழந்து கீழே விழுந்துவிடும். அதன் மேல் மை அடித்தால் சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டுதான் கிடைக்கும். அதனால் குறுக்கே ஓரிரு மெல்லிய பட்டைகளை வெட்டாமல் விட்டு, உள்வட்டத்தை வெளித்தகரத்தோடு பிடித்து வைப்பார்கள். ஸ்டென்சிலில் அடித்த எழுத்துகள் இடையிடையே அறுந்தாற்போல் தெரிவது அந்தப் பட்டைகளால்தான்.

ஜப்பானிய ஸ்டென்சில் தொழிலில் இந்தப் பட்டைகளுக்குத் 'ட்சுரி' என்று பெயர். தொங்கவிட்டுப் பிடித்திருப்பது என்பது அந்தச் சொல்லின் பொருள். இருபதாம் நூற்றாண்டின் ஜப்பானிய நாட்டார் கைவினை இயக்கத்திலிருந்து வந்த ஸ்டென்சில் ஓவியங்களைப் பல ஆண்டுகளாக விரும்பிப் பார்த்து வருகிறேன். அந்த ஓவியங்களின் அழகுக்குக் காரணம் எது என்று என்னை நானே கேட்டுக்கொள்ளும் போதெல்லாம், நிறத்தையும் கருப்பொருளையும் கடந்து, இந்தச் சிறு பட்டையிடமே வந்து நிற்கிறேன். வெட்டுகிற தாளில் எதுவும் தனித்து நிற்க முடியாது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பவை மட்டுமே தாளில் தங்கும். ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள காவியங்களும் காதல் கதைகளும் இந்த நிபந்தனைக்கு உட்பட்டு எப்படி வந்து அமர்ந்தன என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் முதன்முதலில் இவற்றை நேரில் பார்த்தது ஷிசுவோகா நகரில். ரயில் நிலையத்திலிருந்து தெற்கே பேருந்தில் போனால் டோரோ என்ற இடம் வருகிறது. போர்க்காலத்தில், 1943இல், ஆலை கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட, யாயோய் என்ற பழங்காலத்து நெல்வயல்களும் குடியிருப்பும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அந்த வயல்களை ஒட்டி, ஷிராய் செயிச்சி என்ற கட்டடக் கலைஞர் செந்நிறக் கருங்கல்லால் எழுப்பிய தாழ்வான கட்டடம் ஒன்று, நடுவில் ஒரு நீர்க்குளத்தை வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கிறது. 1981இல் திறக்கப்பட்ட செரிசவா கெய்சுகே கலைக்கூடம் அதுதான். கல்லும் ஓக் மரக் கூரையுமாக இருண்டிருந்த அந்த அறைகளுக்குள் நுழைந்தபோது, சுவரில் தொங்கிய துணித்திரைகளின் தெளிவு என்னை அப்படியே நிற்க வைத்துவிட்டது. அவற்றில் ஒன்று, கடை வாசலில் தொங்கவிடும் 'நோரென்' என்ற சாதாரணத் திரை. அதில் ஒரு கயிற்றுத்திரையின் உருவம் வரையப்பட்டிருந்தது. திரையின் மேலேயே திரை, அதுவும் சில முடிச்சுகளும் கோடுகளும் மட்டுமே. ஏறக்குறைய அரைமணி நேரம் அதன் முன்னாலேயே நின்றிருப்பேன்.

செரிசவா கெய்சுகே 1895இல் அதே ஷிசுவோகாவில் ஒரு துணி வணிகர் வீட்டில் பிறந்தவர். டோக்கியோவில் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புப் படித்து 1916இல் முடித்தார். அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சிகள் இரண்டு, அடுத்தடுத்த ஆண்டுகளில் நடந்தன. 1927இல் கொரியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் யானகி சோயெட்சு எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தார். சாதாரண மக்கள் நாள்தோறும் பயன்படுத்துவதற்காகப் பெயர் தெரியாத தொழிலாளர்கள் செய்த பொருள்களில்தான் மெய்யான அழகு இருக்கிறது என்பது யானகியின் கொள்கை. 1925இல் அவரும் குயவர்களான ஹமாடா ஷோஜியும் கவாய் கன்ஜிரோவும் சேர்ந்து அதற்கு 'மிங்கெய்', அதாவது மக்கள் கைவினை, என்று பெயர் சூட்டியிருந்தார்கள். மறு ஆண்டு, 1928இல், டோக்கியோவின் உவேனோவில் நடந்த பொருட்காட்சியில் ஒகினாவாத் தீவுகளின் 'பிங்காட்டா' துணியைச் செரிசவா பார்த்தார். அதுவரை ஜப்பானியப் பெருநிலத்தில் அவர் கண்ட ஸ்டென்சில் சாயத்துணிகளில் பெரும்பாலானவை ஒற்றை நிறம் கொண்டவை. இதுவோ மஞ்சளும் சிவப்பும் நீலமும் ஒரே துணியில் அஞ்சாமல் அடுத்தடுத்து நிற்கும் சாயம்.

பிங்காட்டாவைப் பற்றி இரண்டு செய்திகள் என் மனத்தை விட்டு அகலாதவை. ஒன்று, ஸ்டென்சில் தாளை வெட்டும்போது அடியில் வைத்துக்கொள்ளும் பலகை. ஒகினாவாவில் அதற்கு மரத்தைப் பயன்படுத்துவதில்லை; சோயாக்கட்டியை நன்றாக உலர்த்தி இறுக்கி, எண்ணெய் ஊற வைத்த ஒரு கட்டியைப் பயன்படுத்துகிறார்கள். கத்தியின் முனை மழுங்காமல் அதற்குள் இறங்கி வரும். மற்றொன்று, அந்தத் துணிகளில் வரும் வடிவங்கள். பனியே பெய்யாத தீவில் பனிமூடிய இலைகளும் செம்மேப்பிள் இலைகளும் செர்ரிப் பூக்களும், சீனத்து அரசவைப் பறவைகளோடு கலந்து வருகின்றன. அத்தீவுக்காரர்கள் கண்ணால் காணாத பருவங்களை வடிவங்களாகவே கேள்விப்பட்டு, வடிவங்களாகவே வாழ்ந்திருக்கிறார்கள். மரபு வடிவம் என்பது ஒருவர் பார்த்ததை வரைவது அல்ல, பலர் வழியாக வந்து சேர்ந்ததை மீண்டும் வரைவது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனித் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கலையில் பாதி வேலை தாளுடையது. ஸ்டென்சில் தாளுக்கு 'கட்டகாமி' என்று பெயர். கோசோ என்ற முசுக்கட்டை இனத்துச் செடியின் நாரிலிருந்து கையால் செய்த தாள்களை, நார் ஓடும் திசையை மாற்றி மாற்றி வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். ஒட்டும் பசை, ககி என்ற பழத்தின் காயைப் பிழிந்து புளிக்க வைத்த துவர்ச்சாறு. ககி மரம் நம் பனிச்சை மரத்துக்கு நெருங்கிய உறவு. பனிச்சங்காயின் துவர்ச்சாற்றை மீன்வலைக்கும் படகுக்கும் பூசும் வழக்கம் இந்தியக் கடற்கரைகளில் இருந்ததைப் போலவே, ஜப்பானிய மீனவர்களும் ககிச் சாற்றை வலைக்குப் பூசினார்கள். உப்புநீரில் நைந்து போகாத வலையைத் தந்த சாறுதான் ஈரப்பசையில் ஊறிப் போகாத தாளையும் தந்தது. ஒட்டிய தாளை வெயிலில் உலர்த்திப் புகையறையில் பழுக்க வைத்ததும், அது பழுப்பு நிறத்தில், தோலைப் போல் விறைப்பாகிறது.

இந்தத் தாளை வெட்டுவதில் பெயர் பெற்றவை இசே நாட்டின் ஷிரோகோ, ஜிகே என்ற இரண்டு ஊர்கள்; இன்று அவை மியே மாவட்டத்தில் சுசுகா நகருக்குள் இருக்கின்றன. அரைவட்ட முனை கொண்ட ஊசிக்கத்தியைத் தாளில் நட்டுச் சுழற்றித் துளையிடுவது ஒரு முறை; நீண்ட கோடுகளை அளவுகோல் வைத்து இழுத்து வெட்டுவது ஒரு முறை; பூவிதழ், சதுரம் போன்ற வடிவமுள்ள முனைகளால் குத்தி எடுப்பது ஒரு முறை; செங்குத்தாகக் குத்திக் குத்தி முன்னேறுவது இன்னொரு முறை. ஒரு முறையைக் கற்றவர் வாழ்நாள் முழுவதும் அதையே செய்வார். நெருக்கமான கோடுகள் கொண்ட தாள் அசையாமலிருக்க, இரண்டு படலங்களாகப் பிரித்த தாளுக்கு நடுவே பட்டு நூல்களை ஓட்டி மறுபடியும் ஒட்டும் வழக்கம் முன்பு இருந்தது. பிற்காலத்தில் வெட்டிய தாளின் மேல் மெல்லிய பட்டு வலையை அரக்கால் ஒட்டும் முறை வந்தது. வலை ஒட்டிய பிறகு ட்சுரிப் பட்டைகளை நறுக்கி எடுத்துவிடலாம். வடிவம் வலையின் மேல் தானே நிற்கும்.

இப்படிப் பிடிமானத்துக்கு வேறு வழி வந்த பிறகும், நல்ல கலைஞர்களின் கோடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டேதான் இருந்தன. அதற்குக் காரணம் சாயமிடும் முறையில் இருக்கிறது. மூட்டையில் எழுத்து அடிக்கும்போது வெட்டிய இடத்தில் மை விழுகிறது. ஜப்பானியத் துணியிலும் தாளிலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஒட்டும் அரிசி மாவையும் தவிட்டையும் வேகவைத்து, உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்த பசையை ஸ்டென்சிலின் மேல் தட்டைக் கரண்டியால் இழுக்கிறார்கள். வெட்டிய இடங்களின் வழியே பசை இறங்கித் துணியை மூடுகிறது. பசை காய்ந்ததும், சோயாப்பாலில் குழைத்த நிறங்களைத் தூரிகையால் தடவுகிறார்கள். பிறகு நீரில் அலசினால் பசை கரைந்து போகிறது; அது மூடியிருந்த இடம் வெள்ளையாக வெளிப்படுகிறது. அதாவது, வெட்டி எறிந்தது வெண்மையாகிறது. வெட்டாமல் விட்டது நிறமாகிறது. ஓவியத்தில் நாம் காணும் கோடு என்பது கத்தி போன தடமன்று, இரண்டு வெட்டுகளுக்கு நடுவே கத்தி தொடாமல் காப்பாற்றி வைத்த தாள். அந்தக் கோடு ஒரு முனையிலாவது இன்னொரு கோட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். முகத்தின் கோடு கழுத்தோடும், கழுத்து ஆடையோடும், ஆடை தரையோடும் சேர்ந்து ஒரே வலையாக நிற்கும் வரைதான் அது படம்.

மரபான தொழிலில் வரைபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், பசையிட்டுச் சாயம் தோய்ப்பவர் இன்னொருவர். செரிசவா மூன்றையும் தாமே செய்தார். 1956இல் ஜப்பானிய அரசு அவரை, 'வாழும் தேசியச் செல்வம்' என்று மக்கள் குறிப்பிடும் உயர்ந்த தகுதிக்குத் தேர்ந்தெடுத்தபோது, அவருடைய வேலையைப் பழைய ஸ்டென்சில் சாயத்திலிருந்து வேறுபடுத்திக் காட்ட 'கட்டாயெசொமே' என்ற புதிய சொல்லையே உருவாக்க வேண்டியிருந்தது. ஸ்டென்சில் என்ற சொல்லோடு ஓவியம் என்ற சொல்லையும் சாயம் என்ற சொல்லையும் சேர்த்த பெயர் அது. பெயர் தெரியாத தொழிலாளியைப் போற்றிய இயக்கத்திலிருந்து வந்த ஒருவர் பெயருக்காகவே ஒரு கலைச்சொல் பிறந்தது என்பதை நான் முரண்பாடாகப் பார்க்கவில்லை. அந்த மூன்று வேலைகளும் ஒரே கையில் சேர்ந்தபோதுதான் வரைகிற கை, வெட்டுகிற கையின் நிபந்தனையைத் தன் நிபந்தனையாக ஏற்றுக்கொண்டது. கத்தியால் முடியாததை அவருடைய தூரிகை கேட்பதே இல்லை.

இலக்கியத்துக்கு வருகிறேன். முதலில் எனக்கு இதில் பெரிய ஐயம் இருந்தது. கத்தியால் மங்கலான கோடு வரைய முடியாது. ஒரு புள்ளி உள்ளே இருக்கும் அல்லது வெளியே விழும். நிழல் என்பதோ, அரை இருள் என்பதோ அதற்குக் கிடையாது. ஜப்பானிய இலக்கியத்தின் உச்சியில் இருக்கும் கென்ஜி கதையோ அரை இருளாலேயே ஆனது. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசவைப் பெண்ணான முரசாகி ஷிகிபு எழுதிய அந்த 54 இயல்களில், பெண்கள் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஆடையின் விளிம்பும் நறுமணமும் கையெழுத்துமே அவர்களை அடையாளம் காட்டுகின்றன. இத்தனை மறைவுகள் கொண்ட கதையை, மறைவே அறியாத ஒரு கருவி எப்படித் தொட முடியும்?

இதற்கு விடை, ஸ்டென்சில் கலைஞர்கள் பிறப்பதற்கு நூற்றாண்டுகள் முன்பே உருவாகிவிட்டது. ஜப்பானியர்கள் தங்கள் செவ்விலக்கியத்தைப் படித்ததோடு நிற்கவில்லை. அதை மெல்ல மெல்ல வடிவங்களாகக் கரைத்து ஆடையிலும் பெட்டியிலும் கிண்ணத்திலும் போட்டு வைத்திருந்தார்கள். நீரில் பாதி மூழ்கிய வண்டிச்சக்கரத்தைக் கண்டால் அரசவைக் காலமும் கென்ஜியும் நினைவுக்கு வருவார்கள். விசிறியின் மேல் வெள்ளைச் சுரைப்பூ வைத்திருந்தால் அது நான்காம் இயலில் வரும் யூகாவோ என்ற பெண். அவளை வரையத் தேவையே இல்லை. நீரலை வடிவங்களில் எல்லாருக்கும் தெரிந்த 'செய்காய்ஹா', மீன் செதிலைப் போல் அரைவட்டங்கள் அடுக்கடுக்காக வரும் அது, ஓர் அரசவை நடனத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இலையுதிர்கால இயலில் இளவரசன் கென்ஜி ஆடுவது அந்த நடனத்தைத்தான். கதை மாந்தரை விலக்கிவிட்டு அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களை மட்டும் காட்டும் இந்த முறைக்கு 'ருசு மோயோ' என்று பெயர் உண்டு. வீட்டில் ஆளில்லாத வடிவம் என்று அதைச் சொல்லலாம்.

இவற்றில் என்னை மிகவும் வியக்க வைத்தது நறுமண விளையாட்டிலிருந்து பிறந்த 'கென்ஜி-கோ' குறிகள். ஐந்து வகை நறுமணக் கட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து பொட்டலங்கள் என்று 25 பொட்டலங்களைக் கலந்து, அவற்றிலிருந்து ஐந்தை எடுத்து ஒவ்வொன்றாகப் புகைப்பார்கள். முகர்ந்தவர் எது எதோடு ஒத்த மணம் என்று சொல்ல வேண்டும். ஐந்து செங்குத்துக் கோடுகள் போட்டு, ஒரே மணம் என்று தோன்றியவற்றின் தலைகளைக் குறுக்குக்கோட்டால் இணைப்பார்கள். ஐந்து பொருள்களை இப்படிக் குழுக்களாகச் சேர்க்கக் கூடிய வழிகள் சரியாக 52. கதையின் முதல் இயலையும் கடைசி இயலையும் விட்டால் மிஞ்சும் இயல்களும் 52. அந்தந்தக் குறிக்கு ஓர் இயலின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கிமோனோவின் ஓரத்தில் ஐந்து கோடுகளைக் கண்டவர், அது எந்த இயல் என்று படித்துவிடுவார். ஒரு நீண்ட காதல் கதையின் ஓர் இயல் முழுவதும் ஐந்து கோடுகளாகி, அந்தக் கோடுகளும் தலையில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, இந்த இலக்கியம் கத்திக்காகவே காத்திருந்ததோ என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு நூலான இசே கதைகளிலும் இப்படி ஒரு காட்சி உண்டு. தலைநகரை விட்டுக் கிழக்கே போகிற ஒருவன், மிகாவா நாட்டில் யட்சுஹாஷி என்ற எட்டுப்பாலச் சதுப்பில் இறங்கிச் சோறு உண்கிறான். அங்கே கருநீல ஐரிஸ் பூக்கள் மலர்ந்திருக்கின்றன. அந்தப் பூவின் பெயரான 'ககிட்சுபட்டா'வின் ஐந்து எழுத்துகளையும் ஐந்து அடிகளின் முதலெழுத்தாக வைத்து, ஊரில் விட்டு வந்த மனைவியை நினைத்து ஒரு பாட்டுச் சொல்கிறான். உடன் வந்தவர்கள் அழுத கண்ணீரில் உலர்ந்த சோறு ஊறிப்போயிற்று என்று கதை சொல்கிறது. அன்றிலிருந்து பூவும் பலகைப்பாலமும் சேர்ந்தாலே பிரிவுத் துயர் என்று ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகாட்டா கோரின் பொன்தாள் ஒட்டிய மடிப்புத்திரைகளில் அந்தப் பூக்களை மட்டும் வரைந்தார், பாலம்கூட இல்லை. அவற்றில் ஒரே பூங்கொத்து அச்சு மாறாமல் மீண்டும் வருவதைக் கண்டு, அவர் ஸ்டென்சில் போன்ற ஒன்றைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று கலை ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. கோரின் கியோட்டோவின் கிமோனோ வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நினைத்தால் அது வியப்பில்லை.

செரிசவா இந்த வழியில் வந்தவர். அவருக்குக் கதை சொல்வதைவிட, கதையை வடிவமாக்குவதுதான் இயல்பு. 1930களில் டான் குயிக்சாட் கதையின் படங்களைச் சேகரித்து வந்த ஓர் அமெரிக்கர், அதை ஜப்பானிய முறையில் செய்து தர முடியுமா என்று கேட்டபோது, செரிசவா அந்த ஸ்பானிய வீரனை இடைக்காலச் சாமுராயாக மாற்றிவிட்டார். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில், கையால் சிவப்பும் பச்சையும் தீட்டிய எளிய கதைப்புத்தகங்கள் இருந்தன. அவற்றின் நிறமும் அவசரமும் அந்தப் படங்களில் வந்தன. எழுத்துகளைக்கூட அவர் இப்படித்தான் கையாண்டார். 'இரோஹா' என்பது ஜப்பானியக் குழந்தைகள் நூற்றாண்டுகளாக எழுத்துக் கற்ற பாட்டு. 47 எழுத்துகளும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருமாறு அமைந்த அந்தப் பாட்டு, மணக்கும் பூக்களும் உதிர்ந்து போகும், இவ்வுலகில் யார்தான் மாறாதிருப்பார் என்று பொருள் தருவது. செரிசவா அந்த எழுத்துகளை மடிப்புத்திரைகளில் பல முறை செய்தார். பிற்காலத்தில் ஜப்பானில் நிலைத்த எழுத்து வரிசை, பௌத்தத் துறவிகள் கற்ற இந்திய ஒலியியலிலிருந்து வந்தது. அதன் உயிரெழுத்துகள் அ, இ, உ, எ, ஒ என்று நம் வரிசையிலேயே தொடங்குவதைத் தமிழ் படித்த எவரும் உடனே உணர்வார்கள். ஆனால் அந்த வரிசை இலக்கணம், இரோஹா கவிதை. அவர் கவிதையின் வரிசையைத் தேர்ந்தார்.

மோரி யோஷிடோஷியின் கதை வேறு. 1898இல் டோக்கியோவில் பிறந்த அவர், பல ஆண்டுகள் கிமோனோத் துணிக்குச் சாயம் தோய்த்துப் பிழைத்தவர். யானகியாலும் செரிசவாவாலும் மிங்கெய் இயக்கத்துக்கு ஈர்க்கப்பட்டவர். ஏறக்குறைய அறுபது வயதில்தான் அவர் துணியை விட்டுத் தாளில் படம் அச்சிட முழுமையாக இறங்கினார். அவர் கைக்கொண்ட முறைக்குக் 'கப்பாசூரி' என்று பெயர். கப்பா என்பது நீர்புகாத மழையங்கி. போர்ச்சுகீசியச் சொல்லான 'காப்பா'விலிருந்து ஜப்பானியத்துக்கு வந்தது. சாவியும் ஜன்னலும் அலமாரியும் தமிழுக்கு வந்த அதே கப்பல்களில் போன சொல். நீர்புகாத தாளால் நிறமிடும் இந்த முறை, பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையான எடோ காலத்தில் ஒசாக்கா, கியோட்டோ பகுதிகளில் மலிவான படங்களுக்கு வழக்கத்தில் இருந்தது.

மோரி கபுகி நாடக நடிகர்களையும், தம் இளமையில் பார்த்த டோக்கியோவின் கைத்தொழிலாளர்களையும், கென்ஜி கதையையும் செய்தார். ஆனால் அவருடைய கை முழு வலிமையோடு விளையாடியது ஹெய்கே கதையில். 1185இல் டன்-நோ-உராக் கடற்போரில் அழிந்த ஒரு குலத்தின் வீழ்ச்சியை, கண் பார்வையற்ற பாணர்கள் பீவா என்ற நரம்புக்கருவியை மீட்டி ஊர் ஊராகப் பாடிய காவியம் அது. அதன் முதல் அடியில் ஒலிக்கும் மணி ஜேதவனத்து மணி. புத்தர் தங்கியிருந்த அந்தச் சோலையின் பெயரைச் சொல்லியே நிலையாமை தொடங்குகிறது. இந்தக் காவியத்தில் கென்ஜி கதையின் திரைகள் இல்லை. குதிரையும் வில்லும் கவசமும் வெட்டவெளியில் மோதுகின்றன. மோரியின் கறுப்புக் கோடு கட்டைவிரல் பருமனில் தொடங்கி, குதிரையின் பிடரியையும் வீரனின் தோளையும் வில்லின் வளைவையும் ஒரே மூச்சில் கட்டிப் போடுகிறது. ஒருவரையொருவர் கொல்ல நிற்பவர்களின் உருவங்கள் தாளின் நிபந்தனையால் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருக்கின்றன. போர்க்களத்தில் பகைவரும் ஒரே வலைக்குள் சிக்கியிருப்பது இதைவிடத் தெளிவாக வரையப்பட்டு நான் பார்த்ததில்லை.

இங்கேதான் பிளவும் வந்தது. சாயத்தொழிலில் தனிமனிதனின் வெளிப்பாட்டைவிட மரபும் பயன்பாடும் முந்தியவை என்று மிங்கெய் கருதியது. மோரியின் படங்களில் வடிவத்தைவிட வேகமும் முகத்தின் சீற்றமும் மேலோங்கின. அவை திரையாகவோ ஆடையாகவோ ஆகாமல், பார்ப்பதற்கான படங்களாகவே நின்றன. கருத்து வேறுபாடு முற்றி, 1960களின் தொடக்கத்தில் மோரி அந்த இயக்கத்திலிருந்து விலகினார். யார் சொன்னது சரி என்று நீண்ட காலம் யோசித்திருக்கிறேன். செரிசவாவின் திரைகள் என் மனத்துக்கு மேலும் நெருக்கமானவை. அவற்றோடு ஒரு வீட்டில் வாழ முடியும். ஆனாலும் இந்த வழக்கில் நான் மோரியின் பக்கம். இசே கதைகளின் பிரிவுத் துயரைப் பூவாக்கலாம், கென்ஜியின் ஓர் இயலை ஐந்து கோடுகளாக்கலாம். ஒரு குலமே கடலில் மூழ்குவதை வடிவமாக்கிச் சுவரில் அமைதியாகத் தொங்கவிட முடியாது. அந்த இலக்கியம் கேட்ட கையை மோரி அதற்குக் கொடுத்தார்.

செரிசவாவின் மாணவரான வத்தனாபே சதாவோ வேறொரு பழைய நூலை எடுத்துக்கொண்டார். கிறிஸ்தவரான அவர், வாழ்நாள் முழுவதும் விவிலியக் காட்சிகளை மட்டுமே இதே முறையில் செய்தார். கசக்கி விரித்த கோசோத் தாளில், ஜப்பானிய உடையணிந்த சீடர்கள் மீனும் சோறும் வைத்த இறுதி இரவுணவின் முன் அமர்ந்திருப்பார்கள். 1958இல் நியூயார்க்கில் நடந்த ஜப்பானிய அச்சோவியக் காட்சியில் அவருடைய வெண்கலப் பாம்புப் படம் முதற்பரிசு பெற்றது.

மரபு வடிவங்களில் நம் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கோடுபோட்ட பருத்தித் துணியை ஜப்பானுக்குக் கொண்டுபோயின. மயிலாப்பூர்ப் பகுதிக்குப் போர்ச்சுகீசியர் வைத்த சாந்தோம் என்ற பெயர் அந்தத் துணிக்கு ஒட்டிக்கொண்டு, ஜப்பானியர் அதைச் 'சன்டோமே-ஜிமா' என்றார்கள். பின்னர் அவர்களே நெய்த நகலுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. 'ஷிமா' என்றால் ஜப்பானியத்தில் தீவு; துணியின் கோட்டுக்கும் அதே சொல்தான். தெற்குத் தீவுகளின் வழியே வந்த சரக்கு என்பதால் கோட்டுக்குத் தீவின் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஸ்டென்சிலில் கத்தி முதலில் பழகும் வடிவம் கோடு. சாந்தோம் என்ற சொல்லை இசே வெட்டுநர்களின் உலகத்தில் சந்தித்த நாளில், தெரிந்தவர் ஒருவரை அயலூர்ச் சந்தையில் கண்டதுபோல் மகிழ்ந்தேன்.

1945இல் டோக்கியோவின் மேல் விழுந்த குண்டுகளில் கமட்டாவிலிருந்த செரிசவாவின் வீடும் பட்டறையும் எரிந்தன. துணி கிடைப்பது அரிதாயிருந்த அந்த ஆண்டில் அவர் தாளை எடுத்து, மறு ஆண்டுக்கான நாள்காட்டியை ஸ்டென்சிலில் செய்யத் தொடங்கினார். கோசோவின் நார் நீளமானது; அந்தத் தாளை நீரில் போட்டுப் பசையை அலசி எடுத்தாலும் கிழியாது. மாதத்தின் பெயரும் கிழமைகளும் ஆங்கில எழுத்தில் இருந்ததால் வெளிநாட்டவர்களும் வாங்கினார்கள். 1984இல் இறக்கும் வரை ஆண்டுதோறும் அந்த வேலை நடந்தது. அவரிடம் கற்றவர்கள் அதே நீரில் தங்கள் வழியைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் யுனோகி சமிரோ 2024இல், 101 வயதில் மறைந்தார்.

டோக்கியோவின் கண்டா ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத்தெருவில், ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய கடையில், 1970ஆம் ஆண்டின் நாள்காட்டியிலிருந்து பிரிந்து வந்த நவம்பர்ப் பக்கம் ஒன்று எனக்குக் கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்தால் தாளின் நார் தெரிகிறது. எண்களின் ஓரத்தில் கத்தி திரும்பிய இடங்களை விரலால் தேடிப் பார்த்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளும் அதை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். சென்ற வாரம் எண்ணிப் பார்த்தபோது, 1970இன் நாட்களும் 2026இன் நாட்களும் ஒரே கிழமைகளில் விழுகின்றன என்று கண்டேன். நவம்பர் முதல் நாள் இரண்டிலும் ஞாயிறு. இந்த நவம்பருக்கு அதைச் சமையலறைச் சுவரில் மாட்டப் போகிறேன். பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய கணக்கை மட்டும் வேறு தாளில் எழுதிக்கொள்வேன்.